தங்கவயலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை
(நமது சங்கத்தின் இலக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

'நான் கண்ட ஊர்' என்னும் தலைப்பில் சில சொற்கள் பேச வேண்டுமென்று செயலாளர் அவர்கள் பணித்தபோது நாம் மிகவும் தயங்கினோம். நாம் காசியைக் கண்டதில்லை; கடல் கடந்ததில்லை. பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் எழுத்தராய் அமர்ந்து, பிறர் காணப் போகும் ஊர்களுக்குச் சீட்டு வழங்குவதே இருபதாண்டுகளாக நமது தொழில். சமையற்காரனுக்குப் பசி தெரியாது என்பார்கள். சீட்டு விற்பவனுக்கும் ஊர் தெரியாது.

அப்படி நாம் அறியாதிருந்த ஊர்களுள் தலையாயது, நமக்கு மிக அருகில் உள்ள கோலார் தங்கவயல். பெங்களூரில் நாம் பணி செய்யும் சன்னலுக்கு முன் நாள்தோறும் ஒலிக்கும் பெயர்கள் சில உண்டு. "மாரிக்குப்பம் ஒன்று", "சாம்பியன் இரண்டு", "உரிகம் சீசன்" என்று கைகள் நீளும். நாம் பணத்தை வாங்குவோம், சீட்டைத் தள்ளுவோம். கண்ணாடிக்குக் கீழே உள்ள சிறு வழியில் வருவது கை மட்டுமே ஆதலின், ஆண்டுக்கணக்கில் நாம் கண்டவை கைகளேயன்றி முகங்கள் அல்ல. அந்தக் கைகள் எந்த ஊரிலிருந்து வருகின்றன, அங்கே எப்படிப்பட்ட வீட்டுக் கதவைத் தட்டுகின்றன என்று ஒரு நாளும் நாம் எண்ணியதில்லை.

எண்ண வைத்தவர்கள் நம் பிள்ளைகள். 2018-இல் தங்கவயலின் பெயரையே தலைப்பாகக் கொண்டு ஒரு கன்னடப் படம் வெளிவந்ததும், 2024-இல் 'தங்கலான்' என்னும் தமிழ்ப் படம் வந்ததும் தாங்கள் அறிந்ததே. "படத்தில் வந்த ஊரைப் பார்க்க வேண்டும் அப்பா" என்று மகனும் மகளும் ஓயாமல் கேட்டனர். இல்லத்தரசியும், "ஊர் முழுதும் டிக்கெட் கொடுக்கிறீர்கள், நமக்கு நான்கு டிக்கெட் கிடைக்காதா?" என்று வினவினார். இதற்கு மேலும் மறுப்பது முறையன்று எனக் கருதி, சென்ற ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம்.

பங்காருப்பேட்டை வரை நாம் அனைவரும் அறிந்த சென்னைப் பாதைதான். மைசூரின் கமிஷனராக இருந்த பௌரிங் துரையின் பெயரால் அது முன்னாளில் பௌரிங்பேட்டை எனப்பட்டது. அங்கிருந்து தங்கவயலுக்கென்றே ஒரு கிளைப் பாதை பிரிகிறது. 1894-இல் போட்ட பாதை அது. பத்து மைல் அளவே நீளம், மாரிக்குப்பத்தோடு முடிந்துவிடும்.  சுரங்கத்திற்கு வேண்டிய இயந்திரமும் மரமும் நிலக்கரியும் ஏற்றிச் சென்ற பாதை, இன்று மனிதர்களை ஏற்றி வருகிறது. விடியுமுன் புறப்படும் வண்டியில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்கு வருகின்றனர். இருட்டிய பின் திரும்புகின்றனர். நாம் சென்ற வண்டி எதிர்த்திசையில் சென்றதால் இடம் தாராளமாகக் கிடைத்தது.

உரிகத்தில் இறங்கி முதலில் ராபர்ட்சன்பேட்டைக்குச் சென்றோம். மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த டொனால்ட் ராபர்ட்சன் என்பவரின் பெயரால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த பேட்டை அது. சதுரங்கப் பலகைபோல் நேர்த்தெருக்களும் குறுக்குத் தெருக்களும். ஞாயிறு காலையாதலின் கடைத்தெரு திருவிழாக்கோலம் பூண்டிருந்தது. மஞ்சளும் செம்மஞ்சளுமாகச் சாமந்திக் குவியல். அதன் பக்கத்தில் கனகாம்பரம். எதிரே பித்தளைக் குடமும் அலுமினியத் தவலையும் வெயிலில் மின்னின. வளையற்கடைக்காரர் ஓர் அம்மையாரிடம் தமிழில் விலை சொன்னார். அடுத்து வந்தவரிடம் தெலுங்கில் பேரம் பேசினார். கடைப் பையனைக் கன்னடத்தில் ஏவினார். பக்கத்துக் கடைக்காரரோடு உருதுவில் நகைத்தார். தொப்பியணிந்த முதியவர் ஒருவர் வந்து ஆங்கிலத்தில் நேரம் கேட்க, அவருக்கும் ஆங்கிலத்திலேயே விடையளித்தார். ஐந்து மொழிக்கும் அவர் இடையில் மூச்சு வாங்கியதாகத் தெரியவில்லை. நம் மகள், "இவர் எந்த மொழிக்காரர் அப்பா?" என்று கேட்டாள். நாம் கேட்டுப் பார்த்தோம். "நான் தங்கவயல்காரன், சார்" என்றார் அவர்.

அவ்வூரின் வரலாறு தாங்கள் ஓரளவு அறிந்திருப்பீர்கள். இளையோர் பொருட்டுச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1802-இல் மைசூர் எல்லையை அளந்துகொண்டிருந்த வாரன் என்னும் இராணுவ அதிகாரி, உரிகம், மாரிக்குப்பம் ஊர்களில் மக்கள் மண்ணை அலசிப் பொன் எடுப்பதைக் கேள்வியுற்று நேரில் வந்து கண்டார். 1870-களில் லவல் என்பவர் அனுமதி பெற்றுத் தோண்ட முயன்றார்; பொருள் போதாமல் விட்டார். 1880-இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனியார் வந்த பின்னரே ஆழ்சுரங்கங்கள் எழுந்தன. மைசூர், சாம்பியன் ரீப்ஸ், உரிகம், நந்திதுர்க்கம் என்று ஒவ்வொரு சுரங்கத்தைச் சுற்றியும் ஓர் ஊர் முளைத்தது. 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் ஏறத்தாழ 90 மைல் தூரம் கம்பி வழியே இங்கு வந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின்புதான். இவ்வூரின் பங்களாக்களையும் கிளப்பையும் தோட்டங்களையும் கண்ட வெள்ளையர், இதனைச் 'சின்ன இங்கிலாந்து' என்று அழைத்தனர்.

ஆயினும் சின்ன இங்கிலாந்தைத் தோண்டியவர்கள் பெரும்பாலும் நம்மவர்களே. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ச் சீமைகளிலிருந்து பஞ்சத்தாலும் கூலியின்மையாலும் சாதிக் கொடுமையாலும் ஊரை விட்டு வந்தவர்கள் அவர்கள். ஒரு காலத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இச்சுரங்கங்களில் உழைத்தனர். அவர்கள் உழைத்தது மட்டுமன்று. படித்தார்கள், சங்கம் கூட்டினார்கள். பண்டிதர் அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் இங்கே வேரூன்றியது. அவர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழை, அவர் காலத்துக்குப் பின் 1920-களில் ஜி. அப்பாதுரையார் இத்தங்கவயலிலிருந்தே மீண்டும் நடத்தினார். இங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுக் காத்தது. வெளிமாநிலத்தில் சங்கம் நடத்தும் நமக்கு அவர்கள் முன்னோடிகள் என்று சொன்னால் மிகையாகாது. பகலெல்லாம் பூமிக்கடியில் உழைத்துவிட்டு மாலையில் பத்திரிகைக்குச் சந்தா கட்டிய மக்கள் அவர்கள்!

கடைத்தெருவிலிருந்து ஆட்டோ பிடித்துச் சாம்பியன் ரீப்ஸ் சென்றோம். அங்கே சுரங்கத் தொழிலாளருக்காகக் கட்டிய வீட்டு வரிசைகள் உள்ளன. 'லைன்' என்று அவற்றைச் சொல்கிறார்கள். முன்னாளில் மூங்கில் தட்டியால் ஆன குடிசைகளாக இருந்தமையால் 'தட்டி வீடு' என்ற பெயரும் வழங்கியது. பின்னர்ச் சுவர் எழுந்தது. சுவரோடு சுவர் ஒட்டி, ஓட்டுக்கூரை தாழ, ஒரு வாசலும் ஒரு சன்னலுமாக நீண்டு செல்லும் வரிசைகள். அவற்றின் வண்ணத்தை என்னென்று சொல்வது! ஒரு வீடு மயில்நீலம், அடுத்தது பனங்கிழங்கின் வெளிர்மஞ்சள், அதற்கடுத்தது கிளிப்பச்சை, அப்புறம் ரோஜா, அப்புறம் ஊதா. வாசலில் உடைந்த வாளியில் துளசி; தகர டப்பாவில் ரோஜாச் செடி. தெருமுனையில் ஒருபுறம் மாரியம்மன் கோயில். சற்றுத் தொலைவில் மாதா கோயிலின் மணியோசை. இடையிலே நீலச்சட்டையணிந்த அம்பேத்கர் சிலை கைநீட்டி நின்றது. கூரைகளுக்கு மேலே சுரங்க வாயின் இரும்புக் கோபுரம், துருவேறி, சக்கரம் சுழலாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நம் மகள் கைப்பேசியை எடுத்து அந்த வீடுகளைப் படம் பிடிக்கத் தொடங்கினாள். நாமும் ஊதா வீட்டின் முன் இல்லத்தரசியை நிறுத்தினோம். அப்போது குழாயடியில் குடத்தோடு நின்ற ஓர் அம்மையார் விரைந்து வந்து, "ஏன் கண்ணு எங்கள் வீட்டைப் படம் பிடிக்கிறாய்? அளக்க வந்தவர்களா நீங்கள்?" என்று கேட்டார்.

நாம் திகைத்தோம். கோபத்தால் அவர் அப்படிக் கேட்கவில்லை, அச்சத்தால் கேட்டார். கம்பெனி கட்டிய வீட்டில் மூன்று தலைமுறையாய் இருப்பவர்களுக்கு, புதியவர் எவர் வந்து சுவரைப் பார்த்தாலும் ஏதோ உத்தரவு வருகிறது என்றே தோன்றுமாம். நாம் அழகு கண்ட இடத்தில் அவர் ஆபத்தைக் கண்டார்! "இல்லையம்மா, சுற்றிப் பார்க்க வந்தோம், இரயில்வேக்காரர்" என்று சொன்னோம். "எங்களைச் சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது?" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஊதா வீட்டின் திண்ணையிலிருந்து ஒரு பெரியவர், "வெயிலில் ஏன் நிற்கிறீர்கள்? பிள்ளைகளை உள்ளே அழைத்து வாருங்கள், அம்மா" என்று இல்லத்தரசியை விளித்தார்.

நாம் உள்ளே சென்றோம். பத்தடிக்குப் பத்தடி அறை. பின்னால் ஒரு சமையற்கட்டு. சுவரில் புத்தர் படம் ஒன்று, அருகே பெரியவரின் தந்தையார் படம். பெரியவருக்கு எழுபது வயதைத் தாண்டியிருக்கும். நான்கு சொல் பேசுவார். ஒரு முறை நின்று மூச்சு வாங்குவார். பாறைத்தூள் நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் என்னும் நோய் சுரங்கத்தாருக்கு வருவது. அதைப்பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இருமல் சொல்லிற்று.

நம் மகன் படத்தில் கண்டதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு, "தாத்தா, நீங்கள் தங்கத்தைக் கையால் எடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்டான். பெரியவர் சிரித்தார். "முப்பது வருடம் வேலை செய்தேன். தங்கத்தை நான் பார்த்தது உன் பாட்டி கழுத்தில்தான், அதுவும் கல்யாணத்தன்று. கீழே இருப்பது கல், கண்ணு. வெறும் கல்" என்றார். அவர் சொன்னது உண்மையே. தொடக்க காலத்தில் ஒரு டன் கல்லை அரைத்தால் 40 கிராமுக்கு மேல் பொன் கிடைத்தது. இறுதிக் காலத்தில் அது மூன்று நான்கு கிராமாகச் சுருங்கிற்று. அந்த மூன்று கிராம் கண்ணுக்குத் தெரியாதவாறு கல்லெங்கும் விரவிக் கிடக்கும்.

கூண்டில் இறங்கும் விதத்தை அவர் சொல்லக் கேட்டோம். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தின் ஆழம் 3,200 மீட்டர். அதாவது இரண்டு மைல். ஒரே கூண்டில் அடிவரை போக இயலாது. பாதியில் இறங்கி நடந்து வேறொரு கூண்டில் ஏற வேண்டும். அடியிலே பாறையின் வெப்பம் 60 பாகை சென்டிகிரேடைத் தாண்டும். மேலே பெரிய இயந்திரத்தில் குளிர்வித்த காற்றை உள்ளே அனுப்பித்தான் மனிதன் அங்கே நிற்க முடிந்தது. சில வேளைகளில் பாறை தன் பாரம் தாங்காமல் தானே வெடிக்கும். அப்போது மேலே வீடுகள் அதிரும். அடுப்பிலிருக்கும் பானை ஆடும். "பானை ஆடினால் நாங்கள் அடுப்பை அணைத்துவிட்டுச் சுரங்க வாசலுக்கு ஓடுவோம், அம்மா. தன் வீட்டு ஆள் மேலே வரும்வரை எவளும் பேசமாட்டாள்" என்று பாட்டியார் சமையற்கட்டிலிருந்தே இல்லத்தரசிக்குச் சொன்னார்.

அதே சுரங்கத்தின் ஆழத்தில் 1965-இல் டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து நாட்டு அறிஞரும் சேர்ந்து, வானிலிருந்து வரும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தைக் கண்டனர். மற்றத் துகள்களையெல்லாம் மேலிருக்கும் பாறை வடிகட்டிவிடுமாதலால் அவ்விடத்தைத் தேர்ந்தனர். நாம் இச்செய்தியைச் சொன்னபோது பெரியவர், "ஆமாம், பெட்டிகளை இறக்கியவர்கள் எங்கள் ஆட்கள்தாம் என்று அப்பா சொல்வார்" என்றார்.

பிறகு நமது மனத்தில் இருந்த கேள்வியைக் கேட்டோம். "ஐயா, இத்தனை வண்ணம் பூசும் வழக்கம் எப்போது வந்தது?"

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு சொன்னார்: "கம்பெனிக் காலத்தில் எங்கள் லைன் முழுவதும் ஒரே வெள்ளை. சுண்ணாம்பு அடிக்க அவர்களே ஆள் அனுப்புவார்கள். வேறு வண்ணம் அடிக்கக் கூடாது. 2001-இல் மூடினார்கள். அந்த வருடம் சுண்ணாம்புக்காரன் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. சுவரெல்லாம் கறுத்துவிட்டது. சாவு வீடுபோல் இருக்கிறதென்று இவள் அழுதாள். பையன் பெங்களூரில் வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் ஒரு டப்பா பெயிண்ட் வாங்கி வந்தான். கடையில் மிச்சம் கிடந்ததென்று மலிவாகக் கிடைத்தது இந்த ஊதா. நாங்கள் அடித்தோம். பொங்கலுக்குப் பக்கத்து வீட்டார் பச்சை அடித்தார்கள். கிறிஸ்துமசுக்கு எதிர்வீட்டார் நீலம் அடித்தார்கள். அப்படி வந்ததுதான், சார்."

அன்பர்களே, நாம் வெட்கமுற்ற இடம் இதுவே. விருந்தினராய்ச் சென்ற நாம் கண்டு மகிழ்ந்த வண்ணம், கொண்டாட்டத்தில் பிறந்ததன்று; கைவிடப்பட்ட பின்பு பிறந்தது. 1956-இல் மைசூர் அரசு இச்சுரங்கங்களை ஏற்றது. 1962-இல் மத்திய அரசின் கைக்கு மாறின. 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டன. பொன் குறைந்தது, செலவு மிகுந்தது என்பவை காரணங்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வேலையிழந்தனர். கணக்கு அதோடு முடிந்தது. ஆனால் மனிதர்கள் முடியவில்லை. "போங்கள்" என்று சொல்லாமல் சொன்ன ஓர் ஊரில் அவர்கள் இருக்கத் துணிந்தார்கள். அந்தத் துணிவின் நிறந்தான் அந்த ஊதா, அந்தப் பச்சை, அந்த நீலம்.

இப்படிப் பேசிக்கொண்டிருக்கையில் காய்கறிப் பையோடு அவருடைய மகன் வந்தார். நாற்பது வயதிருக்கும். நம்மைப் பார்த்ததும் வாசலிலேயே ஒரு கணம் நின்றார். பின் உள்ளே சென்று, தாயார் கலந்த தேநீரைத் தாமே எடுத்து வந்து நம்மிடம் நீட்டினார். அந்தக் கையைக் கண்டோம். இடக்கையின் சுட்டுவிரலில் நுனி இல்லை.

முகத்தை அறியோம், அந்தக் கையை அறிவோம். ஆறு மாதங்களுக்கு முன் ஒரு மாதக் கடைசி இரவு. சன்னலை மூட இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. நாமோ கணக்கை முடித்து வீடு சேரும் அவசரத்தில் பணத்தை எண்ணத் தொடங்கிவிட்டோம். அப்போது அந்த விரல் பழைய சீசன் சீட்டையும் பணத்தையும் கண்ணாடிக்கு அடியில் தள்ளிற்று. "முடிந்தது, முடிந்தது, காலையில் வா" என்று சொல்லி, அந்தக் கை வெளியேறுமுன்னே பலகையைத் தள்ளினோம். விரலில் பட்டிருக்க வேண்டும். "ஸ்" என்று ஓர் ஒலி கேட்டது. நாம் எண்ணுவதை நிறுத்தவில்லை.

தேநீரை வாங்கிக்கொண்டோம். நம் மகள் வெள்ளை உள்ளத்தோடு, "அண்ணா, எங்கள் அப்பா உங்களுக்கு டிக்கெட் கொடுத்திருக்கிறாரா?" என்று கேட்டாள். அவர் நம் முகத்தைப் பாராமலே, "எத்தனையோ முறை கொடுத்திருக்கிறார், பாப்பா" என்றார். அந்த ஒரு முறையை அவர் சொல்லவில்லை. தேநீர் தொண்டைக்குள் இறங்க மறுத்தது.

விடைபெறும்போது தெருமுனை வரை அவர் உடன் வந்தார். பிள்ளைகள் முன்னே சென்றதும் நாம், "அன்றிரவு பலகையைத் தள்ளியது நாம்தாம். மன்னிக்க வேண்டும், தம்பி" என்று சொன்னோம். அவர் கூச்சத்தோடு, "தெரியும் சார். மறுநாள் காலையில் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றேன், வண்டி போய்விட்டது. ஒரு நாள் சம்பளம், அவ்வளவுதான். உங்களுக்கும் வீட்டுக்குப் போக வேண்டுமல்லவா?" என்றார். நம்மைக் கடிந்திருந்தால் பாரம் குறைந்திருக்கும். அவர் நமக்காக வாதாடினார்!

மாலையில் பிள்ளைகளின் விருப்பப்படி 'சயனைடு மேடு' காணச் சென்றோம். பொன்னைப் பிரித்த பின் எஞ்சிய கல்மாவை நூறாண்டுகளுக்கு மேலாகக் கொட்டியதால் எழுந்த குன்றுகள் அவை. 13 மேடுகள், மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட மண். மழைநீர் அரித்துப் பள்ளத்தாக்குகள்போல் பிளவுபட்டு, அந்தி வெயிலில் பொன்னிறமாய் விளங்கின. படமெடுப்போர் விரும்பி வருவதில் வியப்பில்லை. ஆனால் காற்று வீசியதும் அம்மாவு எழுந்து லைன்களின் பக்கம் சென்றதைக் கண்டோம். பெரியவரின் இருமல் நினைவுக்கு வந்தது. நம் மகள் கைப்பேசியை வெளியில் எடுக்கவேயில்லை. அம்மேடுகளில் இன்னும் எஞ்சியுள்ள பொன்னை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024-இல் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. மண்ணுக்கு மறுவாழ்வு கிடைப்பது நன்றே. மண்ணோடு வாழ்ந்தவர்களுக்கும் அது கிடைக்க வேண்டும் என்பதே நமது வேண்டுதல்.

திரும்பும் வண்டியில் இன்னொரு செய்தியை எண்ணிக்கொண்டு வந்தோம். பெரியவரின் பாட்டனார் ஆம்பூர்ப் பக்கம் பாலாற்றங்கரையில் பிறந்தவராம். தங்கவயலுக்குக் குடிநீர் வந்தது பேத்தமங்கலத்து ஏரியிலிருந்து. அந்த ஏரி நிறைவதும் பாலாற்றால்தான். நந்திமலைப் பக்கம் தோன்றி, பேத்தமங்கலம் வழியாய்ச் சென்று, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் கடந்து ஓடும் ஆறு அது. ஊரை விட்டு வந்தவர், தம் ஊர் ஆற்றையே மேல்மடையில் குடித்திருக்கிறார்! பெரியவர் இதைச் சொல்லி, "நாங்கள் எங்கேயும் வரவில்லை சார், ஆற்றோடு கொஞ்சம் மேலே ஏறினோம், அவ்வளவுதான்" என்றார்.

அன்பார்ந்த காலனி மக்களே! நாம் வாழும் வீடுகளும் நமக்குச் சொந்தமல்ல. வாசலில் எண் எழுதிய குவார்ட்டர்ஸ். ஓய்வுபெறும் நாளில் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியவர்கள் நாம். நமக்கும் ஆண்டுதோறும் ஒரே மஞ்சள் சுண்ணாம்புதான். ஆதலால் தங்கவயலை வேடிக்கை பார்க்கும் தகுதி பிறருக்கு இருந்தாலும் இருக்கலாம், நமக்கு இல்லை. ஊர் என்பது பத்திரத்தில் மட்டும் இருப்பதன்று. பானை ஆடியபோது கூட ஓடியவர்களும், சுவர் கறுத்தபோது வண்ணம் வாங்கியவர்களும், புதியவரை வெயிலில் நிற்கவிடாதவர்களும் இருக்கும் இடமே ஊர். அதைத் தங்கவயல் மக்கள் நமக்குக் காட்டியுள்ளனர்.

ஆகவே இச்சபையின் முன் இரண்டு விண்ணப்பங்களை வைக்கிறோம். ஒன்று, நமது சங்கத்தார் ஆண்டுக்கு ஒரு முறையேனும் சிறு சிறு குழுவாய்த் தங்கவயலுக்குச் செல்ல வேண்டும். பேருந்து நிறையச் சென்று தெருவில் நின்று படம் பிடிப்பதற்காக அன்று. அழைக்கும் வீட்டில் அமர்ந்து பேசுவதற்காக. மற்றொன்று, பூமிக்கடியில் வேலை செய்த பெரியவர்கள் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். அவர்கள் சொல்வதை நம் இளைஞர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதிவர வேண்டும். அப்பெரியவரின் சொற்களை நம் மகள் எழுதத் தொடங்கியிருக்கிறாள். எட்டுப் பக்கம் ஆகியுள்ளது. மேலும் இரண்டு முறை போய்வந்தோம்.

நம்மைப் பற்றியும் ஒரு சொல். இப்போது மாதக் கடைசி இரவுகளில் கடிகாரம் குறித்த நேரத்தைக் காட்டும்வரை நாம் பணத்தை எண்ணத் தொடங்குவதில்லை. கை வந்தால் சற்றுக் குனிந்து கண்ணாடி வழியே முகத்தைப் பார்க்கிறோம். வரிசை சிறிது மெதுவாக நகர்கிறதென்று சிலர் குறைகூறுவதுண்டு. அக்குறையை மகிழ்வோடு ஏற்றுக்கொள்கிறோம்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!